திங்கட்கிழமை மயக்கம்

துறைமுகத்தில் அவருக்குப் பெயர் கிரேன்காரர். வீட்டில், இல்லை, வீடுகளில் என்றுதான் சொல்ல வேண்டும், அவருக்குப் பெயரே கிடையாது. இரண்டு மனைவிகளும் "என்னங்க" என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரே ஆள், ஒரே "என்னங்க", வாசல்தான் இரண்டு.

ஆள் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் கதை போகிற போக்கில் அவரை நாலு வார்த்தை திட்டத்தான் தோன்றும். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், யாரையும் ஏமாற்றிப் பிழைக்கமாட்டார். ஒரே ஒரு கோளாறு, எதிரே நிற்பவரின் முகம் வாடினால் அவருக்குத் தாங்காது. எதற்கும் தலையாட்டிவிடுவார். அப்படித் தலையாட்டித் தலையாட்டித்தான், வேலைக்கென்று கடல் தாண்டிப் போன இடத்தில் இன்னொரு கல்யாணத்தையும் பண்ணிக்கொண்டு, கையில் ஒரு பெட்டியும் பக்கத்தில் ஒரு பெண்ணுமாகத் திரும்பி வந்து நின்றார்.

அந்த ஊரில் ஒருவருக்கு இரண்டு மனைவி என்பது புதிதல்ல. சட்டமும் தடுக்கவில்லை, அக்கம்பக்கமும் மூக்கில் விரல் வைக்கவில்லை. ஊருக்குப் புதிதில்லை என்றால் பெண்டாட்டிக்கு வலிக்காது என்று எந்தப் புண்ணியவான் முடிவு கட்டினானோ தெரியவில்லை. மூத்த மனைவிக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது.

அன்றிலிருந்து பெரியவள் என்று ஆகிவிட்ட அவள், குடிநீர் நிலையத்தில் மூத்த ஆப்பரேட்டர். பம்பு இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அந்தத் தொண்டையை அன்றைக்குத் திறந்திருந்தால் தெருவே கூடியிருக்கும். ஆனால் அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"என் வீட்டுக்குள்ள ரெண்டு அடுப்பு எரியாது. தனி வீடு பாத்துக்குங்க."

தலையாட்டினார். நாலு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்தார். ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்று ஏற்பாடு. திங்கட்கிழமை காலையில் துணிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு வீட்டிலிருந்து கிளம்புவார், இன்னொரு வீட்டில் பையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே வேலைக்குப் போவார். முதல் மாதமே அவர் பெரியவளிடம் ஒரு விஷயம் சொன்னார்.

"அவளுக்கு இந்த வீட்டுப் பேச்சை எடுத்தாலே ஆகல. நீயும் அந்த வீட்டுப் பேச்சை எடுக்காத. எல்லாருக்கும் நிம்மதி."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. நேற்று வந்தவளுக்கு என் பேச்சு ஆகாதாமே! "எனக்கு மட்டும் என்ன வந்தது? அவ பேச்சை எடுத்தா நான்தான் வாயைக் கழுவணும்" என்றாள். அன்று மூடிய வாய் பதினோரு வருஷமாக மூடியே இருந்தது. அவர் வாயிலும் "அங்க" என்ற சொல் அந்த வீட்டில் வந்ததே கிடையாது. பையில் புதுச் சட்டை இருந்தால்கூட எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கமாட்டாள். சின்னவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்ததே பால்காரர் சொல்லித்தான் தெரிந்தது. தன் மகளுக்குக் கல்யாணம் நடந்து அவள் வேறு ஊருக்குப் போன பிறகு, அவர் இல்லாத வாரங்களில் பெரியவள் வீட்டில் பேச்சுச் சத்தத்துக்கு ரேடியோதான் கதி.

பேசத்தான் இல்லை, போட்டி இல்லாமலா? திங்கட்கிழமை காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் அவள் ஞாயிற்றுக்கிழமையே ஏற்பாடு தொடங்கிவிடுவாள். அங்கே போகிற அன்றைக்கு வயிறு முட்ட ஊட்டி அனுப்புவாள், தன் கைமணம் அவர் மூச்சிலேயே அங்கே போய்ச் சேரட்டும் என்று. அங்கிருந்து வருகிற அன்றைக்கோ கேட்கவே வேண்டாம். பையை இறக்குவதற்குள் தட்டைப் போட்டுவிடுவாள். அவர் ஒரு வார்த்தை பேசாமல், பெல்ட்டை ஒரு துளை தளர்த்திக்கொண்டு, மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சாப்பிட்டு முடிப்பார். பாவம், அங்கே பட்டினி போட்டுத்தான் அனுப்புகிறாள் என்று பெரியவளுக்கு நெஞ்சு அடைக்கும். கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டி, அவருக்கு ரத்தக் கொதிப்பு வந்த பிறகு தடம் புரண்டது. துறைமுக ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், தினமும் காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. அதிலிருந்து சில மாதத்துக்குள் அவர் இரண்டு முறை வேலையிடத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். இரண்டும் திங்கட்கிழமை. துறைமுகத்தில் வாய் சும்மா இருக்குமா? "ஒரு பொண்டாட்டியப் பிரிஞ்ச ஏக்கம்" என்றார் ஒருவர். "இன்னொருத்தியப் பாக்கப் போற பயம்" என்றார் இன்னொருவர். திங்கட்கிழமை மயக்கம் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது முறையும் திங்கட்கிழமைதான், ஆனால் யாரும் சிரிக்கவில்லை. கிரேன் கூண்டுக்குள், அத்தனை உயரத்தில், கொக்கியில் ஒரு முழுக் கன்டெய்னர் தொங்கிக்கொண்டிருக்கும்போது அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எப்படியோ அதைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, அப்படியே சரிந்தார். நாலு பேர் ஏறிப் போய்க் கயிறு கட்டித்தான் இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரி நடையில் ஒரே ஒரு பெஞ்சு. பெரியவள் குடிநீர் நிலையச் சீருடையோடு ஓடி வந்து உட்கார்ந்தபோது, மறுகோடியில் ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தெருவில் எத்தனையோ முறை தூரத்தில் பார்த்த முகம். இரண்டு பேருக்கும் நடுவே, மாற்றுத் துணிக்கென்று அவள் கொண்டு வந்து வைத்த அவருடைய துணிப் பை. இரண்டு பேருமே பையைத் தொடவில்லை.

டாக்டர் இருவரையும் சேர்த்து உள்ளே கூப்பிட்டார்.

"மாத்திரைய ஒழுங்கா போடறாரா?"

"ஒருநாள்கூட விட்டதில்ல" என்றாள் பெரியவள்.

"ஒருநாள்கூட விட்டதில்லங்க" என்றாள் சின்னவள்.

கட்டிலில் படுத்திருந்த கிரேன்காரர் கூரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

"அப்ப இது அலைச்சல்தான்" என்றார் டாக்டர். "ரெண்டு வீடு, ரெண்டு படுக்கை, ரெண்டு கைச் சமையல். இந்த வயசுல உடம்பு தாங்காது. இனிமே ஒரே எடத்துல இருக்கட்டும். இல்லன்னா கிரேன்ல ஏறலாம்னு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

ஒரே இடம். அந்தச் சொல் பெரியவளின் காதில் விழுந்தது. பதினோரு வருஷமாக எதற்காக அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாளோ அது ஒரு டாக்டர் வாயால் வந்து விழுந்திருக்கிறது.

விஷயம் கிரேன்காரருடைய அக்காவின் காதுக்குப் போயிற்று. பெரியவளின் நாத்தனார் சாமானியப்பட்டவள் அல்ல, கல்யாணமோ காரியமோ அவள் வாய் திறக்காமல் அந்தக் குடும்பத்தில் ஒரு நாற்காலிகூட நகராது. தம்பியை நேரே தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் என் வீட்டுக்கு வாங்க. எந்த வீடுன்னு முடிவு பண்ணிடலாம்" என்று அறிவித்தாள். பிறகு பெரியவளுக்கு மட்டும் போன் போட்டாள். "முடிவு என்ன முடிவு? மூத்தவ வீடுதான் வீடு. எனக்கு அப்பவே தெரியும்மா, அவ என்னத்தையோ கலந்து குடுத்துத்தான் என் தம்பியக் கடல் தாண்டி இழுத்துக்கிட்டு வந்தா. இப்பவும் அதத்தான் குடுக்கறா. பாரேன், உன் வீட்டுலயே இருந்தா மயக்கம் எப்படிப் பறந்து போகுதுன்னு."

கலந்து கொடுக்கிறாள் என்பதைப் பெரியவள் நம்பவில்லை. ஆனால் மறுத்தும் பேசவில்லை. அந்த வாரம் முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அலமாரியில் அவர் பாதியைத் துடைத்து வைத்தாள். புதுத் தலையணை ஒன்று வாங்கினாள். மகளுக்குப் போன் செய்து, "அப்பா இனிமே நிரந்தரமா நம்ம வீட்டுலதான்" என்று சொன்னபோது குரல் தழுதழுத்தது. ஜெயித்துவிட்டாள். சந்தேகமே இல்லாமல் ஜெயித்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் குடிநீர் நிலையத்துக்குள் நுழைந்தபோதே மூக்கில் நெடி அடித்தது. போன் விடாமல் அலறிக்கொண்டிருந்தது. தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை, மருந்து வாடை குடலைப் பிடுங்குகிறது என்று பாதி ஊர் திட்டிக்கொண்டிருந்தது. குளோரினைக் கலக்க வேண்டிய தொட்டியில் ஒரு முறைக்கு இரண்டு முறை கலந்திருக்கிறார்கள்.

வேலை முடித்துப் போன ஆள் மீசை. வேலைக்கு வந்த ஆள் கண்ணாடிக்காரர். இருவரும் போன வாரம் மின்விசிறியை எந்தப் பக்கம் திருப்புவது என்று சண்டை போட்டுக்கொண்டு பேச்சை நிறுத்தியிருந்தார்கள். மீசை கிளம்புமுன் மருந்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கண்ணாடிக்காரர் வந்ததும் தன் பங்குக்கு ஒரு முறை போட்டிருக்கிறார். இரண்டு பேருமே வேலையில் கறார். ஒழுங்காகச் செய்ததுதான் வினையாகிவிட்டது.

பெரியவள் முதலில் தொட்டியைக் காலி பண்ண வைத்தாள். பிறகு இரண்டு பேரையும் வரவழைத்து நிற்கவைத்துப் பிடித்தாள்.

"நீ மருந்து போட்டுட்டியான்னு ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை! அதைக் கேக்க வாய் வலிக்குதா? கை மாத்தும்போது சொல்லிட்டு மாத்தணும்னு எத்தனை தடவை தலையில அடிச்சுக்கிட்டேன்? சண்டை உங்க ரெண்டு பேருக்கு, வயித்தெரிச்சல் ஊருக்கா? நீங்க ரெண்டு பேரும் பேசிக்காததுக்கு, நடுவுல கெடக்கற தண்ணி என்ன பாவம்…"

அங்கேயே நின்றுவிட்டாள். வாய் திறந்தது திறந்தபடி.

"மேடம்?" என்றார் மீசை, பயந்துபோய்.

"போங்க" என்றாள். "போய் வேலையப் பாருங்க." குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

பம்பு அறைக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை காலை. அவள் சோறு போட்டு, மாத்திரையைக் கையில் கொடுத்து, தண்ணீர் கொடுத்து அனுப்புகிறாள். பையை இறக்க அங்கே போகிறார். அங்கேயும் ஒருத்தி இருக்கிறாள். அவளும் பெண்பிள்ளைதானே. வந்த புருஷனை வெறும் வயிற்றோடு வேலைக்கு அனுப்புவாளா? சோறு போட்டால் மாத்திரை கொடுக்காமல் இருப்பாளா? அதைவிடு. அங்கிருந்து இங்கே வருகிற திங்கட்கிழமைகளில் நீயே என்ன செய்கிறாய்? பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு மெல்ல மெல்லச் சாப்பிட்டாரே, அது பட்டினி கிடந்தவன் சாப்பிடுகிற லட்சணமா? அப்படியானால் பாதி மயக்கம் பெரியவள் கையாலேயே வந்தது.

ஆனால் உடனேயே இன்னொரு நினைப்பும் வந்தது. வராமல் இருக்க அவள் என்ன கல்லா? நாளைக்கு ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்தால் போதும். அவர் இவள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஒரே வீடு, ஒரே மாத்திரை, மயக்கம் தானாக நின்றுவிடும். பார்த்தாயா, எல்லாம் சின்னவள் கைவரிசைதான் என்று ஊரே சொல்லும். இவள் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அதில்தான் அவளுக்குப் பதினோரு வருஷப் பழக்கம் இருக்கிறதே.

வேலை முடிகிற வரைக்கும் அந்த நினைப்போடு மல்லுக்கட்டினாள். முடிந்ததும் வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய கால்கள் திரும்பாமல் நேரே நடந்தன. வீணாக ஒருத்தி புருஷனுக்கு மருந்து வைத்தவள் என்று பெயரெடுக்கப் போகிறாள். கோபம் வேறு, இது வேறு. எதற்கும் கேட்டுவிடுவோம், அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்தால் நிம்மதியாகத் திரும்பி வந்துவிடலாம் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள்.

சின்னவளின் வீட்டு முன்னறை ஒரு சின்ன முடிதிருத்தும் கடை. தெருப் பெண்கள் அங்கேதான் வந்து முடி வெட்டிக்கொள்வார்கள். கதவைத் திறந்தது எட்டு வயதுப் பெண். அவர் மூக்கு, அவர் நெற்றி, அச்சு அசல் அவர்.

"அம்மா! பெரியம்மா வந்திருக்காங்க!"

பெரியவள் திடுக்கிட்டாள். "என்னை அப்படிக் கூப்பிடச் சொல்லி உனக்கு யாரு சொன்னது?"

"அம்மாதான். ரோட்டுல நீங்க போறப்ப தூரத்துலேருந்து காட்டுவாங்க. அதான் உங்க பெரியம்மான்னு."

நானானால் இந்தக் குழந்தை இருக்கும் தெருவையே சுற்றிக்கொண்டு போனேன், அவளானால் என்னை உறவு சொல்லிக் காட்டியிருக்கிறாள். பெரியவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

சின்னவள் உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நாற்காலியில் சுருண்டு கிடந்த பூனையைப் பார்த்து, "எழுந்திரிங்க, அக்கா உக்காரட்டும்" என்றாள். தமிழை அவர்தான் கற்றுக்கொடுத்தார், மரியாதையாக மட்டுமே கற்றுக்கொடுத்தார். அதனால் அவளுக்குப் பூனையும் "வாங்க போங்க"தான்.

உட்கார வேறு இடமில்லை. பெரியவள் அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே ஆளுயரக் கண்ணாடி. அதில் தன் முகமும் பின்னால் நிற்கும் சின்னவளின் முகமும் சேர்ந்து தெரிந்தன. முகம் பார்த்துப் பேசுவதைவிடக் கண்ணாடியைப் பார்த்துப் பேசுவது சுலபமாக இருந்தது.

"திங்கக்கெழமை காலையில இங்க வந்ததும் அவருக்கு என்ன குடுப்ப?"

"சாப்பாடு குடுப்பேங்க. நிறைய. பாவம், அவரு பசியோட வருவாருங்க." சின்னவள் தயங்கினாள். "நீங்க அவரைச் சாப்பிடாம அனுப்பறீங்கன்னு எனக்கு வருத்தங்க அக்கா."

"நானா!" பெரியவள் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். "நான் வயிறு வெடிக்கற மாதிரிப் போட்டில்ல அனுப்பறேன்! சரி, மாத்திரை?"

"சாப்பிட்டதும் குடுப்பேங்க."

"கூண்டுல மயங்கின அன்னைக்கும் குடுத்தியா?"

"அன்னைக்கும்…" சின்னவளின் கை வாய்க்குப் போயிற்று. கண்ணாடிக்குள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? ஏற்கனவே போட்டாச்சுன்னு அந்த மனுஷன் சொல்லக் கூடாதா?" என்றாள் பெரியவள் கடைசியில்.

"சொன்னா உங்க வீட்டுப் பேச்சு வந்துடுமேங்க. உங்களுக்குத்தான் என் பேச்சு ஆகாதே. இங்கேருந்து ஒரு வார்த்தை வந்தாலும் உங்களுக்குக் கோவம் வரும், அதனால அந்த வீட்டுப் பேச்சே வேண்டாம்னு அவரு முதல் மாசமே சொல்லிட்டாருங்க."

"யாருக்குக் கோவம் வரும்னு?"

"உங்களுக்குங்க."

பெரியவள் எழுந்து நின்றாள். "என்கிட்ட அந்த மனுஷன், உனக்குத்தான் ஆகாதுன்னு சொன்னார்."

சின்னவளின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்துப் பெரியவள் கையைப் பிடித்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது.

"எங்க ஊர்ல எனக்கு மூணு அம்மாங்க அக்கா. மூணு பேரும் ஒரே வீடு. காலையில எழுந்ததும் மூணு பேரும் சேர்ந்து உக்காருவாங்க. அப்பா நல்லாத் தூங்கினாரா, எதுக்குக் கோவமா இருக்காரு, முதுகு வலி எப்படி இருக்கு, எல்லாம் சொல்லிக்குவாங்க. எங்கப்பாவால ஒரு பொய் சொல்ல முடியாதுங்க. இங்க வந்து நானும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். வந்து பாத்தா அக்கா நாலு தெரு தள்ளி."

"உங்க ஊர்ல உங்கம்மாங்களுக்கு அது வலிக்கலையா?"

சின்னவள் யோசித்தாள். "வலிச்சிருக்குங்க. எனக்கும் வலிக்குது. ஆனா வலிக்குதுன்னு சொல்லிக்க ஆள் இருந்துச்சு."

பெரியவள் அழுதாள். புருஷன் வந்து நின்ற அன்றைக்கு அழாத அழுகையெல்லாம் அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, சின்னவள் நீட்டிய துண்டில் அழுது தீர்த்தாள். தீர்த்துவிட்டு, "இவ்வளவு தூரம் வந்துட்டேன், முடியக் கொஞ்சம் வெட்டி விடு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகள் எதிரெதிராகப் போடப்பட்டிருந்தன, பெரியவளுக்கு ஒரு பக்கம், சின்னவளுக்கு மறுபக்கம். நடுவில் கிரேன்காரர், தூக்குக்குப் போகிறவர் முகத்தோடு. நாத்தனாரின் கணவரும் இருந்தார். அவருக்கு அந்த வீட்டில் ஆமாம் என்று சொல்லும் உரிமை மட்டும் உண்டு.

இரண்டு மனைவிகளும் ஒரே வாசல் வழியாக, ஒன்றாக, நடுவில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். கிரேன்காரருக்கு அந்த இடத்திலேயே மயக்கம் வந்தாலும் வந்திருக்கும். அது திங்கட்கிழமை இல்லாமல் போயிற்று.

"என்னம்மா இது, தலையெல்லாம்?" என்றாள் நாத்தனார், பெரியவளின் புதுக் கிராப்பைப் பார்த்து.

"நல்லாருக்கா அண்ணி? தங்கச்சி வெட்டிவிட்டா."

நாத்தனார் அந்த முடியை ஒரு தரம் முறைத்துப் பார்த்தாள். இருந்தாலும் ஆரம்பித்த பேச்சை விடுகிற ஆள் இல்லை. "சரி, டாக்டர் சொன்னது எல்லாருக்கும் தெரியும். என் தம்பி இனிமே மூத்தவ வீட்டுல…"

"ஒரு நிமிஷம் அண்ணி." பெரியவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "என்னங்க. போன திங்கக்கெழமை காலையில எத்தனை தடவை சாப்பிட்டீங்க?"

கிரேன்காரர் பெரியவளைப் பார்த்தார். சின்னவளைப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக இரண்டு வீட்டையும் ஒரே வாக்கியத்துக்குள் கொண்டுவர வேண்டிய கட்டாயம். திருட்டு முழி முழித்தார்.

"அது வந்து… அங்க… இங்க…"

"ரெண்டு தடவைங்களா?" என்றாள் சின்னவள்.

"ரெண்டு… தடவை."

"மாத்திரை?"

கூடம் முழுக்க அவர் வாயையே பார்த்தது. நாத்தனாரின் கணவர்கூட முன்னால் சாய்ந்தார்.

"ரெண்டு" என்றார் கிரேன்காரர்.

"ஒவ்வொரு திங்கக்கெழமையுமா?"

"ம்."

"அடப்பாவி!" என்று கத்தினாள் நாத்தனார். "ஏன்டா சொல்லல? வாய் இல்ல உனக்கு?"

"எப்படிக்கா சொல்றது? போட்டாச்சுன்னு சொன்னா எங்க போட்டேன்னு வரும். அந்தப் பேச்ச எந்த வீட்டுலயும் எடுக்கக் கூடாதே."

"எடுக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?" என்றாள் பெரியவள்.

அவர் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து அசடு வழிந்தார். முதலில் சிரித்தது நாத்தனாரின் கணவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து மனைவியைக் கேட்காமல் அவர் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும். பிறகு சின்னவள், பிறகு ஒன்றும் புரியாத குழந்தை, கடைசியில் நாத்தனாரே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை. பம்பு அறைத் தொண்டையைத் திறந்தாள். "சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பொய்யச் சுவரா வச்சு, பதினோரு வருஷம் நீங்க நிம்மதியா இருந்தீங்க. நாங்க இல்ல. அந்தப் பொய் உங்களையே அந்த உயரத்துலேருந்து தள்ளப் பாத்துச்சு. இனிமே உங்க முறைப்படி கிடையாது, எங்க முறைப்படிதான். அண்ணி, நீங்களும் கேட்டுக்குங்க. இவ எதையும் கலந்து குடுக்கல. இன்னொரு தடவை அந்தப் பேச்சு வந்தா என் வாசல்ல நிக்காதீங்க."

நாத்தனார் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதுவே அவள் மன்னிப்புக் கேட்கிற விதம்.

டாக்டரிடம் இரண்டு பேரும் சேர்ந்துதான் போனார்கள். கேட்டுவிட்டு அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார். "விட்டுப் போச்சான்னு கேட்டேன், கூடிப் போச்சான்னு எனக்குத் தோணவே இல்லையே" என்று சிரித்தார். பத்து நாளைக்கு மேல் தரையில் வேலை, தினமும் பரிசோதனை. கொதிப்பு ஒழுங்காக நின்றது. அடுத்த திங்கட்கிழமை கிரேனில் ஏறலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

அந்தத் திங்கட்கிழமை, துறைமுக வாசலில், பையும் கையுமாக நடுவில் அவர். ஒரு பக்கம் பெரியவள், மறுபக்கம் சின்னவளும் குழந்தையும்.

"சாப்பிட்டாச்சு, ஒரே தடவை" என்று ஒப்படைத்தாள் பெரியவள். "மாத்திரை ஒண்ணு போட்டாச்சு. நேத்து முட்டிய இடிச்சுக்கிட்டார், தைலம் போட்டேன். கொஞ்சம் முறுக்கா இருக்கார், கண்டுக்காத."

"சரிங்க அக்கா. எடுத்துக்கிட்டேன்."

"நான் என்ன மோட்டாரா?" என்றார் கிரேன்காரர் பரிதாபமாக.

"மோட்டாரா இருந்தா இத்தனை வருஷம் பொய் சொல்லியிருக்காது" என்றாள் பெரியவள்.

பையைச் சின்னவள் வாங்கிக்கொண்டாள். அதன் மறுபக்கத்தைப் பெரியவளும் பிடித்து, நசுங்கியிருந்த சட்டையை உள்ளே தள்ளிச் சரிசெய்தாள். வீட்டில் அலமாரியின் அந்தப் பாதியை அவள் அவருக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதில் இப்போது அவளுடைய துணிகள், அவருக்கு ஒரே ஒரு தட்டு. புதுத் தலையணையும் அவளுக்கே. இனி அவர் இல்லாத வாரத்தில் ரேடியோவை நம்பி இருக்க வேண்டியதும் இல்லை, குழந்தை பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பெரியம்மா வீட்டுக்குத்தான் வரப்போகிறாள். அவரை அவள் முழுசாக வெல்லவில்லை. வலி ஓடிப்போய்விடவும் இல்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் இவ்வளவு நிமிர்ந்து அவள் நின்றதே கிடையாது.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். ஏணியில் ஒரு புள்ளியாக ஏறி, கூண்டுக்குள் நுழைந்தார். இரும்புக் கை மெல்ல அசைந்தது. கொக்கி இறங்கிக் கன்டெய்னரைப் பிடித்தது. தூக்கியது. சின்னவளின் விரல்கள் பெரியவளின் விரல்களை நசுக்கின. கன்டெய்னர் ஆடாமல், அசங்காமல், கப்பலின் மேல் போய் அழுந்தி உட்கார்ந்தது. கீழே இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"கூப்பிடுவோமா?" என்றாள் பெரியவள்.

"அவ்வளவு உயரத்துக்குக் கேக்குமாங்க?"

"நீ என்கூடச் சேர்ந்து கூப்பிடு. கேக்க வைக்கறது என் பொறுப்பு."

இரண்டு பேரும் ஒரே மூச்சில் கூப்பிட்டார்கள். "என்னங்க!"

மேலே கூண்டின் ஜன்னல் திறந்தது. அவர் தலையை நீட்டி, எந்தப் பக்கம் பார்ப்பது என்று பழைய வழக்கப்படி இங்குமங்கும் தேடினார். குரல் ஒரே இடத்திலிருந்துதான் வந்திருந்தது.

"மயக்கம் வருதா?" என்று கத்தினாள் பெரியவள்.

"இல்ல!" என்றார் கிரேன்காரர், துறைமுகம் முழுக்கக் கேட்க.